நாலு மணி பஸ்

மாத்தளை,
9.1.1961, திங்கள்

அன்புள்ள பலீல் நானாவுக்கு ஆஸியாவின் சலாம்.

நீங்கள் சொல்லி அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தாள். கூடவே தலைவலியும் வந்து சேர்ந்தது. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாளாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் உள்ளே வெங்காயத்தைக் கொட்டி வைத்துக்கொண்டு, இப்போது வருவாள், பிறகு வருவாள் என்று பார்த்திருந்தேன். அவள் கொல்லைப்புறத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். முக்கால் மணி நேரம் அவளுக்காக நானும் எனக்காக அவளும் காத்திருந்தோம். கிணற்றடிக்குப் போன மாமிதான் பார்த்துவிட்டு வந்து, யாரோ ஒருத்தி சிலை மாதிரி நிற்கிறாள் என்று சொன்னார்.

அவள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தானாம். விடிந்ததும் எல்லாரும் பெரட்டுக்களத்தில் நிற்பார்களாம், கங்காணி வந்து இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துச் சொல்வாராம். சொல்லாமல் கை வைத்தால் குற்றம். ஆகவே நான் சொல்ல வேண்டும். வெங்காயம் உரி என்றால் உரிக்கிறாள். முடிந்ததும் மறுபடி வந்து முன்னால் நிற்கிறாள். நடுவில் சோறு பொங்கி வழிந்தது, கொஞ்சம் இறக்கி வையுங்கள் என்றேன். "அது வேற வேலைங்கம்மா" என்றாள். சோறு அடிப்பிடித்தது.

இதையும் கேளுங்கள். வந்தவுடன் என்னிடம் மூன்று கேள்வி கேட்டாள். எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், எத்தனை மணிக்கு விடுவீர்கள், எந்த நாள் லீவு. நான் இதையெல்லாம் யோசித்தே வைக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. சமாளிப்பதற்காக, அதெல்லாம் எதற்கு, இதை உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்பாகத்தான் சொன்னேன் நானா. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு வீடு இருக்குதுங்கம்மா. வேலைதான் இல்ல" என்றாள்.

ஆக, ஞாயிறு லீவு. மற்ற நாளில் நாலு மணிக்கு அவள் ஊருக்குப் போகிற இரத்தோட்டை பஸ். இன்றைக்கு நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பாதி அரைத்த கடுகை அம்மியிலேயே விட்டுவிட்டு, கை கழுவிப் போய்விட்டாள்.

உங்கள் நிபந்தனை எனக்கு மனப்பாடம். என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போன இந்த மூன்று வருஷமாக அச்சாறு ஊறுகாய் போட்டு விற்றுத்தான் மாமியும் நானும் யார் கையையும் பார்க்காமல் இருக்கிறோம். இந்தப் பெருநாளைக்குள் ஆள் வைத்து ஒழுங்காக நடத்திக் காட்டாவிட்டால், சட்டியைக் கவிழ்த்துவிட்டு தம்புள்ளையில் உங்கள் வீட்டோடு வந்துவிட வேண்டும். போன நோன்பில் பட்டது போதாதா? பகலில் ருசி பார்க்க வழியில்லை. நோன்பு திறந்த பிறகு பார்த்தேன். பகல் முழுக்கக் காய்ந்த நாக்குக்கு வெந்நீரும் தேன்தான். எல்லாச் சட்டியும் பிரமாதம் என்று போத்தலில் அடைத்து அனுப்பினேன், இருபது போத்தல் உப்பு என்று திரும்பி வந்தது. மாமிக்கோ பல்லும் போய் ருசியும் போய்விட்டது. அதனால்தானே நோன்பு இல்லாத ஒரு ஆள் வேண்டும் என்று உங்களைக் கேட்டேன். அந்த ஒரு காரணத்துக்காக இவளைப் பொறுத்துக்கொள்கிறேன். மதினிக்கு என் சலாம்.

ஆஸியா


தம்புள்ளை,
14.1.1961

தங்கச்சி ஆஸியாவுக்கு பலீல் நானா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. வாசித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதல் நாளே ஆளை உன் தலைமேல் ஏற்றிவிட்டாய். பன்னிரண்டு வருஷமாக இந்தச் சந்தியில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். பதினொரு பேர் என் கையின்கீழ் வேலை செய்திருக்கிறார்கள். ஆள் வைப்பது எப்படி என்று என்னிடம் கேள்.

ஆள் என்றால் நாம் போகச் சொல்லும்போதுதான் போக வேண்டும், பஸ் கூப்பிடும்போது அல்ல. ஒரு வேலை, வேறு வேலை என்ற பேச்சே கூடாது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். நீ இரண்டும் செய்யாமல் மாட்டின் முன்னால் நின்று வெட்கப்படுகிறாய்.

மற்றபடி சவரியம்மா நல்ல மனுசி. அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிறில் என் கடையில் சாப்பிடுகிறவர், அவர் வாக்கு பொய்க்காது. புருஷன் இல்லை, முழங்கால் வலியால் மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியவில்லை. வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவர்களுக்கு நோன்பு கிடையாது. உனக்கு வேண்டியது அதுதானே.

முடியாவிட்டால் வீண் பிடிவாதம் வேண்டாம். பின் அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், நீயும் மாமியும் தாராளமாக இருக்கலாம். இங்கேயும் ஒரே தொல்லை. சமையல்காரன் கணபதி முந்தாநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். நன்றி கெட்டவன். இப்போதைக்கு உன் மதினி றாபியா பார்த்துக்கொள்கிறாள்.

பலீல்


மாத்தளை,
16.2.1961, வியாழன்

நானா, சலாம்.

வேதக்காரர்களுக்கு நோன்பு கிடையாது என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தால் காட்டுவதற்கு.

ஒரு மாதமாக எல்லாம் ஒரு மாதிரி வழிக்கு வந்துகொண்டிருந்தது. நானும் கங்காணி ஆகிவிட்டேன். ஏழு மணிக்குக் கொல்லையில் போய் நின்று, இன்றைக்குப் பப்பாசிக்காய் சீவுவது, வெங்காயம் உரிப்பது, போத்தல் கழுவுவது என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். சொன்ன வேலையில் ஒரு குறை காண முடியாது. அவள் கழுவிய போத்தலில் முகம் பார்க்கலாம். பெருநாளைக்கு நூற்றிருபது போத்தல் கேட்டிருக்கிறார்கள், பாதி உங்கள் தம்புள்ளைக் கடைகளுக்கு. சட்டி சட்டியாகப் போட்டு ஊற வைத்தாயிற்று. நோன்பு தலைப்பிறை கண்டதும் ருசி பார்க்கிற பொறுப்பை அவளிடம் ஒப்படைத்துவிட்டு நான் நிம்மதியாக நோன்பு பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நேற்றுப் புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத் திக்கென்றது. நானா வேதக்காரி என்று சொன்னாரே, இது விபூதி அல்லவா, ஆள் மாறிவிட்டதா என்று நினைத்தேன். கேட்டால், கோயிலில் சாமியார் பூசியதாம். அவர்களுக்குத் தபசு காலம் தொடங்குகிறதாம். நாற்பது நாள்.

சரி, இருக்கட்டும், இந்தச் சட்டியில் உப்புப் பாருங்கள் என்று அகப்பையை நீட்டினேன். பின்னால் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். "ஒருசந்திங்கம்மா. பொழுது சாயுற வரைக்கும் பச்சத் தண்ணி கூட வாயில படாது" என்றாள். எத்தனை நாள் என்றேன். நாற்பதும் என்றாள்.

இன்றைக்குப் பிறை கண்டாயிற்று, நாளைக்கு எனக்கு முதல் நோன்பு. ஒரு வீட்டில் எட்டுச் சட்டி அச்சாறு, ருசி பார்க்க ஒரு வாய் இல்லை. நோன்பு இல்லாத ஆளைத் தேடி உலகத்தையே சலித்து, என்னைவிடக் கெட்டியாக நாற்பது நாள் நோன்பு பிடிக்கிற ஆளைப் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு மெனிக்கேயிடம் கொடுத்துப் பார்த்தேன். அவள் நல்ல மனசுக்காரி. எதைக் கொடுத்தாலும் ஹொந்தாய், ஹொந்தாய் என்கிறாள். வெறும் வினாகிரியைக் கொடுத்தேன், அதுவும் நல்லாயிருக்காம், ஹொந்தாய்.

நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்கள். பதினொரு பேர் உங்கள் கையின்கீழ் வேலை செய்தார்களே.

ஆஸியா


தம்புள்ளை,
20.2.1961

ஆஸியாவுக்கு,

குத்திக் காட்டி எழுத வேண்டாம். சிறிலிடம் கேட்டேன். எல்லாருக்கும் அப்படி இல்லையாம், அவரே வெள்ளிக்கிழமை மட்டும்தான் இறைச்சி சாப்பிடுவதில்லையாம். இந்த மனுசி தனியாக ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறாளாம். அதற்கு நான் பொறுப்பா?

இங்கே பள்ளிவாசல் லெப்பையிடம் உன் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். தேவைக்கு நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, விழுங்காமல் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்கிறார். ஆகவே நீயே பார்த்துக்கொள். அவளை நிறுத்திவிடு. எதற்கு வைத்தோமோ அதற்கு உதவாத ஆளை வைத்துக்கொண்டு இருப்பது வியாபாரம் அல்ல, தர்மம். தர்மம் செய்ய நோன்பில் வேறு வழி இருக்கிறது.

இல்லாவிட்டால் இப்போதே எல்லாவற்றையும் மூடிவிட்டு வா. நோன்பு திறக்க லொறிக்காரர்கள் வருகிறார்கள், கஞ்சியும் கட்லட்டும் செய்ய றாபியாவுக்கு ஒரு கை குறைகிறது. உன் கை பட்டால் தனி ருசி என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பலீல்


மாத்தளை,
27.2.1961, திங்கள்

நானாவுக்கு சலாம்.

லெப்பைக்கு மார்க்கம் தெரியும், அச்சாறு தெரியாது. நுனி நாக்கில் உப்பு தெரியும். கடுகின் உறைப்பும் வினாகிரியின் புளிப்பும் தொண்டை தாண்டினால்தான் தெரியும். துப்பித் துப்பிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டுக் கொல்லையில் எத்தனை பப்பாசி மரம் என்பதுதான்.

நீங்கள் சொன்னபடி சவரியம்மாவை நிறுத்தத்தான் போனேன். வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கொல்லையில் போய் நின்று, இன்றைக்கு வேலை இல்லை என்றேன். நாளைக்கு என்றாள். நாளைக்கும் இல்லை என்றேன். ருசி பார்க்காததாலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நேர்ந்துகொள்வதற்கு உங்களுக்கு வேறு வருஷமே கிடைக்கவில்லையா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "இந்த வேலைக்குத்தாங்கம்மா நேந்துகிட்டேன். மலை ஏறாத ஒரு வேலை குடுத்தா இந்தத் தபசுக்கு நாப்பது நாளும் ஒருசந்தி இருக்கேன்னு அந்தோனியார்கிட்ட சொன்னேன். குடுத்துட்டாரு. இப்ப நான் ஏமாத்தலாமா?"

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வேலை கிடைத்ததற்காகப் பட்டினி கிடக்கிறாள். பட்டினி கிடப்பதால் வேலை போகிறது. அந்தோனியாருக்காவது நான் எதற்கு ஆள் எடுக்கிறேன் என்று தெரிந்திருக்க வேண்டாமா? (அல்லாஹ் மன்னிக்கட்டும், கோபத்தில் எழுதிவிட்டேன்.)

ஞாயிற்றுக்கிழமையுமா என்று ஒரு நப்பாசையில் கேட்டேன். ஞாயிறு ஆண்டவர் நாளாம், ஒருசந்தி கிடையாதாம். அப்படியென்றால் ஞாயிறு வாருங்கள் என்றேன். வர மாட்டாளாம். ஆண்டவர் நாளில் வேலை செய்தால் பாவமாம். பாருங்கள் நானா, வேலை செய்கிற ஆறு நாளும் சாப்பிட மாட்டாள், சாப்பிடுகிற ஒரு நாள் வேலை செய்ய மாட்டாள். இப்படி ஒரு ஆளை விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

ஆத்திரத்தில், அப்படியென்றால் வேலைக்கு வராதீர்கள், சாப்பிட வாருங்கள் என்று கத்திவிட்டேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். நின்று யோசித்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரலாம், அதில் பாவம் இல்லை என்றாள்.

நேற்று வந்தாள். கொல்லைப்புறமாக அல்ல, முன் வாசலால். நீலக் கரை வைத்த வெள்ளைச் சேலை, தலையில் பூ. பூசை முடித்து, தேத்தண்ணியும் பணிஸும் சாப்பிட்டு வந்திருந்தாள், ஆகவே காய்ந்த நாக்கு இல்லை. பாய் விரித்து உட்கார வைத்தேன். நோன்பு வாயோடு சோறாக்கி, எட்டுச் சட்டியிலிருந்தும் எட்டுக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, நானே பரிமாறினேன். மாமி கதவு மறைவில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

ஒவ்வொன்றாகச் சோற்றோடு பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டாள். முதல் கிண்ணம், உப்பு. இரண்டாவது, கடுகு பத்தாது. நாலாவது, ஒன்றும் செய்ய வேண்டாம், தொட வேண்டாம். ஆறாவதை வாயில் வைத்ததும் என்னைப் பார்த்து, "இது கோவத்துல செஞ்சது" என்றாள். அந்தச் சட்டிதான் சாம்பல் புதன்கிழமை போட்டது. மிளகாய் இரண்டு மடங்கு விழுந்திருக்கிறது.

நானா, எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து என் சோற்றைத் தின்றுகொண்டு என் கையை நொட்டை சொல்கிறாளே என்று. பிறகு அவள் கை கழுவப் போனபோது கிண்ணங்களைப் பார்த்தபடி இருந்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் போனதிலிருந்து என் சமையலை யாரும் குறை சொன்னதில்லை. பாவம், தனியாகக் கஷ்டப்படுகிறாள் என்று எல்லாரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றார்கள். அந்த இருபது போத்தலைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர்கூட ஆள் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினார், என் முகத்துக்கு நேரே ஹொந்தாய்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி உப்பு என்று சொல்கிறாள்.

இன்றைக்குக் காலையில் கொல்லையில் வந்து நின்றாள். நேற்று விருந்தாளி சொன்னதையெல்லாம் வேலைக்காரிக்கு வேலையாகச் சொன்னேன். முதல் சட்டியைப் பிரித்து இன்னும் கொஞ்சம் பப்பாசியும் பேரீச்சம்பழமும் போட்டாள். நாலு மணிக்குப் போய்விட்டாள். நேற்றும் நாலு மணி பஸ்ஸில்தான் போனாள், விருந்தாளியாக வந்தும்கூட.

ஆஸியா


தம்புள்ளை,
6.3.1961

ஆஸியாவுக்கு,

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு வேலைக்காரிக்குச் சோறு பரிமாறிய முதலாளி இந்த மாத்தளை ஜில்லாவில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். வாப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

நான் முடிவு செய்துவிட்டேன். பெருநாள் கழிந்து இரண்டு நாளில் லொறி அனுப்புகிறேன், சாமான்களைக் கட்டி வை. சமைக்கிற பெரிய சட்டிகளையும் ஏற்றிவிடு, இங்கே தேவைப்படும். கணபதிக்குப் பிறகு வந்தவனும் நிற்கவில்லை. மூன்று வேளையும் றாபியாதான் அடுப்படியில். இரவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள். நீ வந்தால் அவளுக்கும் துணை, உனக்கும் பாதுகாப்பு. ஒரு தங்கச்சி சொந்த நானா வீட்டில் சமைப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உன் வீடு மாதிரி நினைத்துக்கொள்.

பலீல்


மாத்தளை,
21.3.1961, செவ்வாய்

அன்புள்ள நானாவுக்கு ஆஸியாவின் சலாம். பிந்திய பெருநாள் வாழ்த்து.

நீங்கள் அனுப்பிய லொறி நேற்று வந்தது. சாரதி நல்ல மனுஷர். வெறும் லொறியாக அனுப்ப மனம் வரவில்லை, முப்பது போத்தல் ஏற்றியிருக்கிறேன், உங்கள் பக்கத்துக் கடைக்காரர் மறுபடி கேட்டிருந்தார். நூற்றிருபதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மூன்று ஞாயிறும் சவரியம்மா வந்து சாப்பிட்டாள். கடைசி ஞாயிறு எட்டுக் கிண்ணத்தையும் துடைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எப்படி என்று நான்தான் கேட்டேன். "இன்னைக்கு சாப்பிடத்தாங்கம்மா வந்தேன்" என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பெருநாள் புரியாணி எடுத்து வைத்திருந்தேன், தொடவில்லை. அவளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி. ஏப்ரல் இரண்டாம் தேதி பாஸ்குத் திருநாளாம். அன்றைக்கு இரத்தோட்டைக்கு நானே புரியாணியும் அச்சாறும் கொண்டு போகிறேன். எப்படியும் ஏதாவது குறை சொல்வாள், இப்போதே எரிச்சலாக இருக்கிறது.

இனி உங்கள் அழைப்புக்கு வருகிறேன். கோபிக்காமல் வாசியுங்கள். உங்களுக்கு வேண்டியது தங்கச்சி இல்லை நானா, சமையல்காரி. அது தப்பில்லை. ஆனால் ஆள் எடுப்பதென்றால் முறையாகக் கேட்க வேண்டும். உங்கள் கடையில் காலை எத்தனை மணிக்கு வேலை தொடங்கும்? எத்தனை மணிக்கு விடுவீர்கள்? எந்த நாள் லீவு? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாததால்தான் பதினொரு பேரும் போனார்கள் என்று நினைக்கிறேன். மதினி போகவில்லை, ஏனென்றால் மதினிக்குப் போக இடமில்லை. நான் அங்கே வந்தால் எனக்கு நாலு மணி பஸ் எது? பின் அறையிலிருந்து அடுப்படிக்குப் பஸ் ஓடாது.

உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள் என்று எழுதினீர்கள். நானும் ஒருத்தியிடம் அப்படிச் சொல்லி நல்ல பதில் வாங்கியவள். எனக்கு வீடு இருக்கிறது. இப்போது வேலையும் இருக்கிறது.

ஆஸியா


தம்புள்ளை,
27.3.1961

ஆஸியாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது என் கண்ணாடி உடைந்திருந்தது. றாபியாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை.

சத்தமாக வாசித்தாள். கடைசிப் பகுதியைத் தனக்குள்ளேயே இன்னொரு தடவை வாசித்தாள். மறுநாள் நாலு மணிக்கு அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்க, கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, வேறு சேலை உடுத்திக்கொண்டு, நீ வருவாய் என்று நான் சுண்ணாம்பு அடித்து வைத்த பின் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். "பஸ் போயிட்டுது" என்றாள் உள்ளேயிருந்து. இன்றைக்கு ஐந்தாவது நாள். நாலடித்தால் அறைக்குள் போய்விடுகிறாள். இடுப்பு வலி குறைந்திருக்கிறதாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு வருகிற லொறிக்காரர்களுக்கு நான்தான் சமைக்கிறேன். நேற்று ஒருவர் கறியை வாயில் வைத்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிப் பாதியில் எழுந்து போனார். அந்த நல்லாயிருக்குக்கு என்ன அர்த்தம் என்று உன் கடிதம் வாசித்ததால் தெரிகிறது.

சவரியம்மாவிடம் விசாரி. இரத்தோட்டைப் பக்கம் சமைக்கத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் அனுப்பச் சொல். காலை எட்டு மணி, மாலை ஐந்து மணி. வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிறுதான் வேண்டும் என்றால் ஞாயிறு. வேறு வேலை சொல்ல மாட்டேன். ஏதாவது நேர்ந்துகொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்.

தாளில் மஞ்சள் கறை பட்டிருக்கிறது, பொருட்படுத்தாதே. கறி அடிப்பிடிக்கிற வாசம் வருகிறது, நிறுத்துகிறேன்.

பலீல் நானா